9 நாள் நின்ற உலக சாதனை: வாசகர் கேள்வி பதில்

சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் ஆண்டுதோறும் நடக்கும் 'வெல்ட்கிளாஸ சூரிக்' தடகளப் போட்டியைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், பதில் பலருக்கும் பயன்படும் என்று பட்டவற்றை இந்த இதழில் எடுத்துக்கொண்டோம்.

ஒரே மாலையில் முடிந்துவிடும் போட்டிக்கு ஏன் இவ்வளவு பெயர்? எப்போது தொடங்கியது?
– கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

முதல் போட்டி 1928 ஆகஸ்ட் 12 அன்று லெட்சிகிரண்ட் மைதானத்தில் நடந்தது. ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கின் தடகளப் பந்தயங்கள் முடிந்து சரியாக ஒரு வாரம். பெரிய போட்டிக்குத் தயாரான உடம்போடு வீரர்கள் ஐரோப்பாவிலேயே இருக்கும்போது அவர்களை அழைத்துவிடுவது என்ற வழக்கம் அன்றே வந்துவிட்டது. பிறகு இடையில் நடக்காத ஆண்டுகளும் உண்டு. 1973இல் ஆண்ட்ரியாஸ் புரூகர் போட்டியை நடத்தும் பொறுப்பை ஏற்ற பிறகுதான் உலகின் முதல் வரிசை வீரர்கள் எல்லோரும் ஆகஸ்டில் சூரிக்குக்கு வந்தாக வேண்டும் என்ற நிலை உருவானது.

பல நகரங்களில் நடக்கும் முன்னணித் தடகளப் போட்டிகளைச் சேர்த்த தொடர்களான கோல்டன் லீக்கில் 1998 முதல் 2009 வரையும், டயமண்ட் லீக்கில் 2010 முதலும் இது ஒரு போட்டி. 2021, 2022, 2025 ஆண்டுகளில் லீக்கின் இறுதிப் போட்டி முழுவதுமாக இங்கேதான் நடந்தது. பழைய மைதானத்தை இடித்துவிட்டு 2007இல் புது லெட்சிகிரண்ட் திறந்தார்கள். இடம் மாறவில்லை, பெயரும் மாறவில்லை.

பெயர் வந்தது சாதனைகளால். 1959 ஜூலை 7 அன்று ஜெர்மனியின் மார்ட்டின் லாவர் 110 மீட்டர் தடை ஓட்டத்தில் 13.2, 200 மீட்டர் தடை ஓட்டத்தில் 22.5 என்று ஒரே நாளில் இரண்டு உலக சாதனைகள் வைத்தார். 1981 ஆகஸ்ட் 19 அன்று ரெனால்டோ நெகமையா 110 மீட்டர் தடை ஓட்டத்தை 12.93இல் முடித்து, 13 விநாடிக்குள் ஓடிய முதல் மனிதர் ஆனார். அதே மாலையில் செபாஸ்டியன் கோ ஒரு மைலை 3 நிமிடம் 48.53 விநாடியில் ஓடினார். 1984இல் ஈவ்லின் ஆஷ்ஃபோர்டின் 100 மீட்டர் 10.76, 1985இல் மேரி ஸ்லேனியின் மைல் 4:16.71, 1988இல் புட்ச் ரெனால்ட்ஸின் 400 மீட்டர் 43.29 எல்லாம் இங்கே வந்தவைதான். ரெனால்ட்ஸ் முறியடித்தது 1968இல் மெக்சிகோவில் லீ எவன்ஸ் வைத்த 43.86ஐ. 2,200 மீட்டருக்கு மேல் உயரமுள்ள ஊரின் மெல்லிய காற்றில் வந்த நேரம் அது. சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கும் சூரிக்கில் அதை அரை விநாடிக்கும் மேல் குறைத்தார். அந்த 43.29 பிறகு 11 ஆண்டுகள் நின்றது.

ஆர்மின் ஹாரி 100 மீட்டரை 10.0 விநாடியில் ஓடியதாக ஒரு புத்தகத்தில் இருக்கிறது, இன்னொன்றில் 10.25 என்று இருக்கிறது. எது சரி? அன்று அவர் இரண்டு முறை ஓடினார் என்பது உண்மையா?
– ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், நாமக்கல்

இரண்டு எண்ணும் சரி. இரண்டு முறை ஓடியதும் உண்மை.

நாள் 1960 ஜூன் 21, இடம் சூரிக். முதல் ஓட்டத்தில் ஜெர்மனியின் ஹாரிக்குக் கிடைத்த நேரம் 10.0. ஆனால் அவர் துப்பாக்கி வெடிக்கும் முன்பே கிளம்பிவிட்டார், தான் திரும்ப அழைத்திருக்க வேண்டும் என்று ஸ்டார்ட்டர் சொன்னதால் அந்த ஓட்டம் செல்லாமல் போனது. சுமார் அரை மணி நேரம் கழித்து மறு ஓட்டம். ஹாரியோடு சேர்த்து மூன்றே பேர் ஓடினார்கள். மறுபடியும் 10.0. அதிகாரபூர்வமாக 10.0 ஓடிய முதல் மனிதர் என்று பதிவானது இந்த இரண்டாவது ஓட்டத்துக்காக.

10.0 என்பது கையில் ஸ்டாப்வாட்ச் பிடித்து எடுத்த நேரம், அதாவது கைக்கடிகார நேரம். அன்று மின்சாரக் கருவியும் ஓடிக்கொண்டிருந்தது. அது காட்டியது 10.25. அந்தக் காலத்தில் சாதனைக்குக் கணக்கில் எடுத்தது கைக்கடிகார நேரத்தைத்தான். 400 மீட்டர் வரையிலான ஓட்டங்களில் மின்னணு நேரம் மட்டுமே செல்லும் என்ற விதி 1977இல்தான் வந்தது.

இந்தக் கால் விநாடி எங்கே போகிறது? துப்பாக்கியிலிருந்து புகை கிளம்புவதைக் கண் பார்த்து, மூளை சொல்லி, கட்டைவிரல் அழுத்துவதற்குள் ஒரு தாமதம். ஆகவே வாட்ச் பிந்தித்தான் ஓடத் தொடங்கும். முடிவுக்கோட்டில் அந்தத் தாமதம் இருக்காது, ஏனென்றால் ஓடிவருபவரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். எப்போது அழுத்த வேண்டும் என்று கை முன்கூட்டியே தயாராகிவிடுகிறது. 100, 200 மீட்டரில் கைக்கடிகார நேரத்தோடு 0.24 விநாடியும், 400 மீட்டரில் 0.14 விநாடியும் கூட்டி ஒப்பிடுவது வழக்கம். ஹாரியின் 10.0ஐ அப்படிக் கூட்டினால் 10.24. கருவி சொன்னதற்கும் இதற்கும் நூறில் ஒரு பங்குதான் வித்தியாசம்.

செபாஸ்டியன் கோவின் 1979 சூரிக் 1500 மீட்டர் நேரம் 3:32.1 என்றும் 3:32.03 என்றும் வருகிறதே, அதுவும் கைக்கடிகாரக் கதைதானா?
– வாசகர், மட்டக்களப்பு

இல்லை. இரண்டும் ஒரே கருவி எடுத்த நேரம். கருவி காட்டியது 3:32.03. ஆனால் அன்றைய விதிப்படி நீண்ட தூர ஓட்டங்களின் சாதனையைப் பத்தில் ஒரு பங்கு வரைதான் எழுதுவார்கள், அதுவும் மேல்நோக்கித்தான் திருத்துவார்கள். 3:32.03 என்பது 3:32.0 ஆகாது, 3:32.1 ஆகும். பழைய சாதனை ஃபில்பர்ட் பாயியின் 3:32.2, அதன் கருவி நேரம் 3:32.16. அந்த விதியில் கோ இன்னும் 0.08 விநாடி தாமதித்திருந்தால் 3:32.11 கூட 3:32.2 ஆகி, சாதனை சமன் என்றுதான் எழுதியிருப்பார்கள். 1981 முதல் 10,000 மீட்டர் வரை நூறில் ஒரு பங்கு வரை எழுதுகிறார்கள்.

இன்றும் இதில் மாறாத ஒன்று உண்டு. ஓட்டத்தில் நேரத்தை மேல்நோக்கித் திருத்துவார்கள். எறிதலிலும் தாண்டுதலிலும் தூரத்தைக் கீழ்நோக்கித் திருத்துவார்கள். ஈட்டி 85.719 மீட்டர் போனால் அது 85.71தான். சந்தேகத்தின் பலன் வீரருக்குக் கிடையாது, சாதனைப் பட்டியலுக்குத்தான். இதைச் சரியான விதி என்றே நாங்கள் நினைக்கிறோம்.

கோவுக்கு அது 41 நாட்களில் மூன்றாவது உலக சாதனை. ஜூலை 5இல் 800 மீட்டர், ஜூலை 17இல் மைல், இரண்டும் ஆஸ்லோவில். ஆகஸ்ட் 15இல் சூரிக்.

1997இல் ஒரே மாலையில் மூன்று உலக சாதனைகள் எப்படிச் சாத்தியம்? பேஸ்மேக்கர் (வேகம் அமைத்துக் கொடுக்க முன்னால் ஓடுபவர்) வைத்து ஓடுவது ஏமாற்று இல்லையா?
– தடகளப் பயிற்சி பெறும் மாணவர், மதுரை

1997 ஆகஸ்ட் 13. வில்சன் கிப்கெடர் 800 மீட்டரில் 1:41.24. ஹைலே கெப்ரசெலாசி 5000 மீட்டரில் 12:41.86. வில்சன் போய்ட் கிப்கெடர் 3000 மீட்டர் ஸ்டீப்பிள்சேஸில் (தடைகளையும் நீர்க்குழியையும் தாண்டி ஓடும் ஓட்டம்) 7:59.08. ஏதென்ஸ் உலகப் போட்டி முடிந்து மூன்றே நாள் ஆகியிருந்தது. மூவரும் அங்கே தங்கம் வென்றவர்கள். கெப்ரசெலாசி மட்டும் அங்கே ஓடியது 10,000 மீட்டர்.

பதில் இந்தத் தேதியிலேயே இருக்கிறது. உலகப் போட்டியில் பதக்கம்தான் முக்கியம். யாரும் நேரத்துக்காக ஓட மாட்டார்கள். கடைசிச் சுற்று வரை ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே போவார்கள். அந்தக் கவலை தீர்ந்து, உடம்பு உச்சத்தில் இருக்கும் வாரத்தில், தகுதிச் சுற்று எதுவும் இல்லாத ஒரே ஓட்டத்தை, பேஸ்மேக்கரோடு, மாலைக் குளிர்ச்சியில் தருகிறார்கள். 1995இலும் இதேதான். சுவீடனின் யோத்தபரி (கோதன்பர்க்) உலகப் போட்டி முடிந்த மூன்றாம் நாள், ஆகஸ்ட் 16 அன்று, மோசஸ் கிப்டானுய் ஸ்டீப்பிள்சேஸில் 7:59.18 ஓடி 8 நிமிடத்தை உடைத்தார். அன்றே கெப்ரசெலாசி 5000 மீட்டரை 12:44.39இல் முடித்தார்.

எங்களைக் கேட்டால், சூரிக்கின் எல்லா சாதனைகளிலும் பெரியது அந்த 12:44.39தான். அதற்கு முன் இருந்தது கிப்டானுய்யின் 12:55.30. ஒரே ஓட்டத்தில் 10.91 விநாடி குறைந்தது. 400 மீட்டர் சுற்றில் 5000 மீட்டர் என்பது பன்னிரண்டரைச் சுற்று. பழைய சாதனைக்குச் சுற்றுக்கு 62.02 விநாடி வேண்டும், புதியதற்கு 61.15. ஒவ்வொரு சுற்றிலும் முக்கால் விநாடிக்கு மேல் பிடுங்கியிருக்கிறார். இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த 12:41.86க்குச் சுற்று 60.95.

பேஸ்மேக்கருக்கு வருவோம். விதி இதை அனுமதிக்கிறது. ஆரம்பத்திலிருந்து ஓட்டத்தில் இருப்பவராக இருக்க வேண்டும். ஒரு சுற்று பின்தங்கியவரோ, நடுவில் புதிதாக நுழைந்தவரோ கூடாது. அவர் செய்வது இரண்டு வேலை. காற்றை முன்னால் நின்று வாங்கிக்கொள்கிறார்; வேகத்தைச் சீராக வைக்கிறார். இரண்டாவதுதான் கடினம். 61 விநாடி கேட்டால், கூட்டத்தின் சத்தத்தில் முதல் சுற்றை 58இல் ஓடிவிடுபவர்கள் உண்டு. கையில் மூன்று விநாடி லாபம் போலத் தெரியும். ஆனால் அதற்கான கடனைக் கால்கள் 3000 மீட்டருக்குப் பிறகு திருப்பிக் கேட்கும். அப்போது சுற்று 63, 64 என்று இறங்கிவிடும். பேஸ்மேக்கர்கள் பாதி வழியைத் தாண்டி விலகிய பிறகு மிச்சத்தை வீரர் தனியாகத்தான் ஓட வேண்டும். ஏமாற்று என்று சொல்ல அதில் எதுவும் இல்லை.

இப்போது உள்விளிம்பில் வரிசையாக விளக்குகள் வைத்து, இலக்கு வேகத்தில் ஒளி ஓடும்படி செய்கிறார்கள். வேகம் தவறாது, காற்றைத் தடுக்காது.

நீங்கள் ஓடுபவர் என்பதால் ஒன்று. வளைவில் முன்னால் போகிறவரை முந்தப் பார்த்து, அளவுக்கோட்டிலிருந்து (தடத்தின் நீளத்தை அளக்கும் கோடு) ஒரு மீட்டர் வெளியே முழுச் சுற்றும் ஓடினால், 6.28 மீட்டர் அதிகம் ஓடுகிறீர்கள். 61 விநாடிச் சுற்றில் அது கிட்டத்தட்ட ஒரு விநாடி. நேர்ப்பாதையில் முந்துங்கள்.

அந்த மூன்று சாதனைகளுக்கும் என்ன ஆனது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 5000 மீட்டர் சாதனை 9 நாள் நின்றது. சூரிக்கில் இரண்டாவதாக வந்த டேனியல் கோமென் ஆகஸ்ட் 22 அன்று பிரஸ்ஸல்ஸில் 12:39.74 ஓடினார். ஆகஸ்ட் 24 அன்று கொலோன் நகரில் பெர்னார்ட் பர்மசாய் ஸ்டீப்பிள்சேஸில் 7:55.72, அதே இடத்தில் கிப்கெடரே தன் 800 மீட்டரை 1:41.11 ஆக்கினார். 11 நாளில் மூன்றும் போயின. 1981இல் கோவின் மைலுக்கும் இதே கதி: ஒரு வாரத்தில் ஸ்டீவ் ஓவெட் 3:48.40, மேலும் இரண்டு நாளில் கோ 3:47.33. அதனால் சூரிக் ஓட்டங்களின் மதிப்பு குறையவில்லை. இவ்வளவு வேகமாக ஓடலாம் என்று மற்றவர்களுக்குக் காட்டியதே அவைதான்.

உசேன் போல்ட் சூரிக்கில் உலக சாதனை வைத்திருக்கிறாரா?
– வாசகர், கோவை

இல்லை. அவருடைய 100 மீட்டர் 9.58, 200 மீட்டர் 19.19 இரண்டும் 2009 பெர்லின் உலகப் போட்டியில் வந்தவை. 9.58 ஓடிய 12ஆம் நாள் சூரிக்கில் 9.81இல் வென்றார்.

சூரிக்கில் வைத்த உலக சாதனைகளில் இன்னும் முறியடிக்கப்படாதது உண்டா?
– வாசகி, திருச்சி

யெலெனா இசின்பயேவாவின் 5.06 மீட்டர், பெண்கள் கோலூன்றித் தாண்டுதல், 2009 ஆகஸ்ட் 28. பதினோரு நாள் முன்பு பெர்லின் உலகப் போட்டியில் அவர் ஒரு உயரத்தைக்கூடத் தாண்டாமல் வெளியேறினார். 4.75இல் ஒரு முறை தவறினார். அந்த உயரத்தை விட்டுவிட்டு 4.80க்குப் போய் அங்கே இரண்டு முறை தவறினார். உயரம் வேறாக இருந்தாலும் தொடர்ந்து மூன்று தவறு என்றால் முடிந்தது. உயரத்தை விட்டுப் போகும் உத்தியில் உள்ள ஆபத்து இதுதான்: மிச்சமிருக்கும் வாய்ப்புகள் மட்டுமே அடுத்த உயரத்துக்கு உங்களோடு வரும்.

இந்த வகைப் போட்டியில் சாதனை உயரத்துக்குக் கம்பை ஏற்றியதும் நடுவர்கள் முயற்சிக்கு முன்பே உயரத்தை அளக்க வேண்டும். கம்பு நடுவில் சற்றுத் தொய்யும் என்பதால், மேல்பக்கத்தின் மிகத் தாழ்ந்த புள்ளியிலிருந்துதான் கணக்கு. ஒருவர் தட்டிவிட்டால் அடுத்தவருக்கு முன் மறுபடியும் அளக்க வேண்டும். இந்த அளவு பதிவேட்டில் இல்லாவிட்டால், தாண்டியிருந்தும் சாதனை ஏற்கப்படாது.

2020இல் நோவா லைல்ஸ் 200 மீட்டரை 18.90இல் ஓடியதாகச் செய்தி வந்து, பிறகு காணாமல் போனதே?
– வாசகர், சென்னை

கொரோனா காரணமாக அந்த ஆண்டு வழக்கமான போட்டி இல்லை. பதிலாக ஜூலை 9 அன்று வீரர்கள் வெவ்வேறு நாட்டு மைதானங்களில் ஒரே நேரத்தில் ஓட, தொலைக்காட்சியில் சேர்த்துக் காட்டினார்கள். லைல்ஸ் ஓடியது ஃபுளோரிடாவில். போல்ட்டின் 19.19ஐவிடக் குறைவாக நேரம் வந்ததும் எல்லோரும் திகைத்தார்கள். காரணம், அவரைத் தவறான கோட்டில் நிறுத்தியிருந்தார்கள். ஓடியது 185 மீட்டர்தான். அதனால் அந்த நேரம் செல்லாமல் போனது.

வளைவில் தொடங்கும் 200 மீட்டரில் ஒவ்வொரு தடத்துக்கும் தொடக்கக் கோடு 3.83 மீட்டர் தள்ளிப்போகும் (முதல் தடத்துக்கும் இரண்டாவதுக்கும் இடையே 3.52). 15 மீட்டர் என்பது ஏறக்குறைய நான்கு தடங்களின் வித்தியாசம். தடத்தில் ரிலே, தடை ஓட்டம், 400, 800 என்று பல நிறக் கோடுகள் நெருக்கமாகக் கிடக்கும். ஆகவே தொடக்க நடுவர் கோட்டின் நிறத்தை மட்டும் நம்பாமல், எட்டுத் தடங்களின் கோடுகளும் படிக்கட்டு மாதிரி சீராக முன்னே போகின்றனவா என்று பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும். ஒருவர் தனியாக ஓடும்போது ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்துத் தடத்தில் ஆள் இல்லை. அன்று நடந்தது அதுதான்.

நீரஜ் சோப்ரா சூரிக்கில் எத்தனை முறை வென்றிருக்கிறார்?
– பள்ளி மாணவர், தஞ்சாவூர்

டயமண்ட் லீக் இறுதியை ஒரு முறை. 2022 செப்டம்பர் 8. முதல் எறி ஃபவுல், இரண்டாவது 88.44 மீட்டர், அதுவே வென்றது. செக் வீரர் யாக்கூப் வாட்லெக் 86.94 எறிந்து இரண்டாமிடம். டயமண்ட் லீக் பட்டம் வென்ற முதல் இந்தியர் நீரஜ்தான். 2023 சூரிக் போட்டியில் வாட்லெக்கிடம் 15 சென்டிமீட்டரில் தோற்றார் (85.86க்கு எதிராக 85.71). 2025 இறுதியில் ஜெர்மனியின் யூலியன் வெபர் 91.51 எறிந்தார், நீரஜ் கடைசி எறியில் 85.01 போட்டு மூன்றாமிடத்திலிருந்து இரண்டாமிடத்துக்கு ஏறினார்.

எங்கள் குறுவட்டப் போட்டிக்கு ஒரு சாதனைப் பதிவேடு தொடங்க நினைக்கிறோம். சுண்ணாம்புக் கோடு, ஸ்டாப்வாட்ச்தான் இருக்கிறது. பெரிய போட்டிகளின் முறையில் எதை நாங்கள் பின்பற்ற முடியும்?
– உடற்கல்வி ஆசிரியர், விருதுநகர் மாவட்டம்

நிறையவே முடியும். முதலிடத்துக்கு மூன்று வாட்ச் வையுங்கள். இரண்டு ஒத்துப்போனால் அந்த நேரம். மூன்றும் வேறு என்றால் நடுவில் உள்ளது. இரண்டு வாட்ச்தான் ஓடியது என்றால் அதிக நேரம் காட்டுவது. சராசரி எடுக்காதீர்கள். வாட்ச் 13.41 என்று காட்டினாலும் கைக்கடிகார நேரம் 13.5 என்றுதான் எழுத வேண்டும். புகையைப் பார்த்து அழுத்தச் சொல்லுங்கள், சத்தத்தைக் கேட்டு அல்ல. 100 மீட்டர் கடந்து சத்தம் வர 0.29 விநாடி ஆகும். அவ்வளவும் ஓடுபவருக்கு இலவசமாகப் போய்விடும். விசில் வைத்து ஓட்டம் தொடங்கினால் கையில் ஒரு கொடி கட்டாயம்.

தடம் போடுவதில் பல இடங்களில் நடக்கும் தவறு ஒன்று. 400 மீட்டருக்கு இரண்டாம் தடத்தின் முன்தள்ளல் (தொடக்கக் கோட்டை முன்னே தள்ளிப் போடும் தூரம்) 7.04 மீட்டர், அதற்குப் பிறகு 7.67 என்று புத்தகத்தில் இருக்கும். அது உள்விளிம்பில் 5 சென்டிமீட்டர் உயரக் கட்டை வைத்த மைதானத்துக்கு. கட்டை இருந்தால் முதல் தடத்தை விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி அளப்பார்கள். மற்றத் தடங்களைக் கோட்டிலிருந்து 20. உங்களுக்குக் கட்டை இல்லை, சுண்ணாம்புக் கோடுதான். எனவே முதல் தடத்தையும் 20 சென்டிமீட்டரில் அளந்து, இரண்டாம் தடத்துக்கும் 7.67 விட வேண்டும். 7.04 விட்டால் முதல் தடப் பிள்ளைக்கு 63 சென்டிமீட்டர் சலுகை. இந்தக் கணக்கு தடத்தின் அகலத்தை (1.22 மீட்டர்) வைத்து வருவது. 200 மீட்டர் மைதானமானாலும் ஒரு முழுச் சுற்றுக்கு அதே 7.67, 400 மீட்டரைத் தடம் மாறாமல் இரண்டு சுற்றாக ஓட்டினால் 15.34. துணி டேப் இழுத்தால் நீளும், இரும்பு டேப்பால் அளங்கள்.

பதிவேட்டில் ஒவ்வொரு வரியிலும் வயதுப் பிரிவு, தேதி, தகுதிச் சுற்றா இறுதியா, கைக்கடிகாரமா மின்னணுவா, நேரம் எடுத்தவர்கள், குண்டு அல்லது ஈட்டியின் எடை, தடையின் உயரம் இத்தனையும் இருக்கட்டும். காற்றுமானி இருந்தால், 200 மீட்டர் வரையிலான ஓட்டங்களிலும் நீளம் தாண்டுதல், மும்முறைத் தாண்டுதலிலும் விநாடிக்கு 2 மீட்டருக்கு மேல் பின்காற்று வந்த முடிவுகளைச் சாதனையில் சேர்க்கக் கூடாது. இல்லாவிட்டால் 'காற்று அளக்கவில்லை' என்று எழுதிவிடுங்கள்.

என்றாவது மின்னணுக் கருவி வாங்கினால், பழைய கைக்கடிகார 11.2ஐ அடித்துவிட்டு மேலே புதிதாக ஓடிய மின்னணு நேரம் 11.38 என்று எழுத வேண்டாம். 1986இல் ஆண்கள் ஈட்டியின் எடைமையத்தை முன்னால் நகர்த்தியபோது, உவே ஹோனின் 104.80 மீட்டரை அப்படியே நிறுத்திவைத்துவிட்டுப் புதிய ஈட்டிக்குப் புதிய பட்டியல் தொடங்கினார்கள். நீங்களும் பழைய பக்கத்தை மூடிவிட்டு மின்னணு நேரத்துக்குத் தனிப் பக்கம் போடுங்கள். இரண்டு பக்கமும் அதே பதிவேட்டில் இருக்கட்டும்.